எண்ணுகிறவன் மீதான சந்தேகம்: சூதாட்ட மேசையின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

சூது பற்றி நமது சஞ்சிகைகளில் வந்த எழுத்துக்கள் பெரும்பாலும் அறிவுரைகளாகவே இருந்திருக்கின்றன. வீட்டுக் கடனுக்கு வைத்த காசு கசினோவில் போனது, சீட்டுப் பணம் தொலைந்தது, குடும்பம் பிரிந்தது என்பவையே பேசப்படுகின்றன. அவை பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் கசினோ பணம் பறிக்கும் இடமாக இருப்பதோடு, மனிதர்களைக் கண்காணித்து, வகைப்படுத்தி, பட்டியலிடுகிற ஒரு நிறுவனமாகவும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் சாதாரண மனிதர்கள் எப்படி அகப்படுகிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சந்தேகத்துக்குரியவர்களாகவே வாழ்ந்து பழகிய நாம் அந்த வரலாற்றை வாசிக்க வேண்டியவர்கள் என்று கருதுகிறேன்.

1

முதலில் விளையாட்டைச் சொல்லிவிட வேண்டும். பிளாக்ஜாக்கில் போட்டி, விளையாடுபவருக்கும் கசினோவின் சார்பில் தாள் பகிர்பவருக்கும் இடையில்தான். தாள்களின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல் மற்றவருடையதை விட அதிகமாக இருக்க வேண்டும். படத் தாள்களுக்குப் பெறுமதி 10. ஏஸ் 1 ஆகவோ 11 ஆகவோ கொள்ளப்படும். பகிர்பவருக்குத் தெரிவு கிடையாது. 16 வரை அவர் இன்னொரு தாள் எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். ரூலெற் சக்கரத்துக்கு ஞாபகம் இல்லை, ஒவ்வொரு சுற்றும் புதிது. பிளாக்ஜாக்கில் விழுந்த தாள், மீண்டும் கலைக்கும்வரை திரும்பி வராது. ஆகவே சிறிய தாள்கள் பல போய்விட்டால் மிச்சத்தில் பத்துக்களும் ஏஸ்களும் செறிந்திருக்கும்; அது விளையாடுபவருக்குச் சாதகம். இதைக் கணக்கில் வைத்து, சாதகமான வேளையில் பந்தயத்தைக் கூட்டுவதுதான் தாள் எண்ணுதல் என்று சொல்லப்படுவது.

யாழ்ப்பாணத்தில் 304 விளையாடியவர்களுக்கு இதில் புதினம் எதுவும் இராது. எத்தனை துரும்பு விழுந்தது, இன்னும் எது வெளியே நிற்கிறது என்பதை மனதில் வைத்திராதவனைச் சோடி ஆள் அந்த இடத்திலேயே ஏசுவார். எண்ணுவது அங்கே விளையாட்டுக்குச் செய்யும் மரியாதை. அதே செயல் கசினோவுக்குள் சந்தேகத்துக்கு உரியதாக மாறுகிறதென்றால் அதற்குக் காரணம் ஒழுக்கம் அல்ல, வருமானம்.

1956 இல் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய நான்கு இளைஞர்கள், மேசைக் கணிப்பான்களை வைத்துக்கொண்டு பிளாக்ஜாக்கின் சிறந்த விளையாட்டு முறையைக் கணித்து அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கத்தின் சஞ்சிகையில் கட்டுரையாக வெளியிட்டனர். அதைத் தொடர்ந்து எட்வேர்ட் தோர்ப் என்ற கணிதவியலாளர் எம்.ஐ.ரி.யிலிருந்த கணனியின் துணையோடு தாள் எண்ணும் முறையை உருவாக்கி, 1962 இல் நூலாக்கினார். நூல் பெருமளவில் விற்றது. கசினோ முதலாளிகள் அஞ்சினர். 1964 ஏப்ரலில் லாஸ் வேகாஸ் கசினோக்கள் விளையாட்டின் விதிகளையே இறுக்கின. சாதாரண விளையாட்டாளர்கள் மேசைகளை விட்டு எழுந்து போனார்கள். சில வாரங்களில் பழைய விதிகள் திரும்பவும் கொண்டுவரப்பட்டன.

இந்தச் சிறு சம்பவம் முக்கியமானது. விதியை மாற்றினால் எல்லா வாடிக்கையாளரையும் இழக்க நேரும் என்று கசினோ அப்போது கற்றுக்கொண்டது. அது மட்டுமல்ல, எண்ணி வெல்லலாம் என்ற நம்பிக்கையோடு வந்து, சரிவர எண்ணத் தெரியாமல் தோற்றவர்களால் பிளாக்ஜாக் மேசைகள் முன்னரை விட நிறைந்தன. வெல்லலாம் என்ற நம்பிக்கை கசினோவுக்கு வேண்டும், வெல்பவன் வேண்டாம். விதியைத் தொடாமல் ஆளை மட்டும் அகற்றுவதே இதற்கு வழியாயிற்று. விதி எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருப்பது. ஆளை அகற்றுவது காதுக்குள் சொல்லப்படுவது. சந்தேகம் ஒரு நிர்வாக முறையாக மாறியது இங்கிருந்துதான்.

2

1967 இல் லாஸ் வேகாஸில் கிறிஃபின் துப்பறியும் நிறுவனம் தொடங்கப்பட்டது. சந்தேகத்துக்குரியவர்களின் படங்களையும் விபரங்களையும் தொகுத்துச் சந்தா கட்டும் கசினோக்களுக்கு வழங்குவது அதன் தொழில். அந்தத் தொகுப்பில் தாளில் அடையாளமிட்டு ஏமாற்றுபவனும், மூளையைத் தவிர வேறெதையும் பாவிக்காத எண்ணுபவனும் ஒரே அட்டைக்குள் இருந்தார்கள். ஒரு கசினோவில் எழுந்த சந்தேகம் அன்றிரவே அடுத்த கசினோவில் தகவலாகவும், மறுவாரம் உண்மையாகவும் ஆகிவிடும். பட்டியலில் உள்ளவருக்குத் தான் பட்டியலில் இருப்பது தெரியாது; தெரிந்தாலும் முறையிட ஒரு வாசல் கிடையாது.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? நெவாடாவில் கசினோ ஒரு தனியார் சொத்து. எண்ணுபவர் என்று கருதியவரை வெளியேற்ற அதற்கு உரிமை உண்டு என்பதே நடைமுறை. நியூ ஜேர்சியில் நிலை வேறாயிற்று. அற்லான்ரிக் சிற்றியில் விலக்கப்பட்ட கென் அஸ்ரன் என்ற புகழ்பெற்ற விளையாட்டாளர் தொடுத்த வழக்கில், 1982 இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. விளையாட்டின் விதிகளை வகுக்கும் அதிகாரம் அரசின் ஆணைக்குழுவுக்கே உரியது, எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரைத் தன்னிச்சையாக விலக்கக் கசினோவுக்கு உரிமை இல்லை என்பது அதன் சாரம். பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இடத்தின் உரிமையாளர் காரணமின்றி ஒருவரை வெளியே தள்ளலாகாது என்ற பழைய பொதுச்சட்டக் கோட்பாட்டையும் நீதிமன்றம் நினைவூட்டியது. அதன் பின் அங்குள்ள கசினோக்கள் ஆளை விட்டுவிட்டுத் தாளைக் கவனிக்கத் தொடங்கின. தாள் கட்டுக்களின் எண்ணிக்கையைக் கூட்டின, அடிக்கடி கலைத்தன.

கனடாவில் கசினோவுக்கு வேறொரு தன்மை உண்டு. இங்கே குற்றவியற் கோவையின்படி சூதாட்டத்தை நடத்தும் அதிகாரம் மாகாண அரசுக்குரியது. தனியார் நிறுவனங்கள் அதன் சார்பில் இயக்குகின்றன. ஒன்ராறியோவின் முதற் பெரிய கசினோ 1994 மே மாதத்தில் விண்சரில் திறக்கப்பட்டது. 1996 இல் ஒறிலியாவுக்கு அருகே ராமாவிலும், அதே ஆண்டின் இறுதியில் நயாகராவிலும் திறந்தார்கள். 2013 இல் ரொறன்ரோ நகரசபை நகர மையத்தில் கசினோ வேண்டாமென்று வாக்களித்தது. ஆயினும் 2021 இல் பிக்கரிங்கிலும் 2023 இல் ரெக்ஸ்டேல் குதிரைப் பந்தயத் திடலின் பக்கத்திலும் பெருங் கசினோக்கள் எழுந்துவிட்டன. ஸ்காபரோவிலும் ஏஜாக்ஸிலும் வாழும் நமக்கு இப்போது கசினோ பக்கத்து ஊர்.

விண்சர் திறக்கப்பட்டதும் தாள் எண்ணும் பிரச்சினையும் கூடவே வந்தது. எண்ணி, தமக்குள் சமிக்ஞை செய்து விளையாடிய ஒரு குழுவினர் மீது விளையாட்டில் மோசடி செய்ததாகக் குற்றவியல் வழக்கு வைக்கப்பட்டது. அறிவைப் பாவித்து விளையாடுவது மோசடியாகாது என்று கூறி ஒன்ராறியோ நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆகவே இந்த மாகாணத்தில் எண்ணுவது குற்றமல்ல என்பது தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலேயே தெளிவாகிவிட்டது.

குற்றமல்லாத ஒன்றின் பேரில் ஒருவரை எப்படி வெளியேற்றலாம்? அதற்கு 1980 இன் அத்துமீறற் சட்டம் இருக்கிறது. இடத்தைப் பராமரிப்பவர் போகச் சொன்னால் போக வேண்டும்; காரணம் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. இச்சட்டம் எவர்மீது அதிகம் பாய்கிறது என்ற கேள்வி கசினோக்கள் வருவதற்கு முன்பே எழுந்தது. வணிக வளாகங்களிலிருந்து இளைஞர்களும் சிறுபான்மையினரும் வெளியேற்றப்படுவது பற்றி ஆராய ஒன்ராறியோ அரசு ஒரு செயலணியை நியமித்தது. சட்டத்தரணி ராஜ் ஆனந்த் தலைமையில் அது 1987 இல் அறிக்கை தந்தது. மக்கள் கூடும் இடத்தில் காரணம் கேளாத வெளியேற்றும் உரிமை எவர் கையில் எப்படிப் பாவிக்கப்படும் என்பதே அதன் மையக் கேள்வி. கசினோ மேசைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

1994 ஏப்ரலில் மொன்றியல் கசினோவில் நடந்த ஒன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கீனோ விளையாட்டில் ஒருவர் 20 இலக்கங்களில் 19ஐத் தொடர்ந்து மூன்று தடவை சரியாகச் சொல்லி ஆறு இலட்சம் டொலருக்கு மேல் வென்றார். பணம் நிறுத்திவைக்கப்பட்டு விசாரணை நடந்தது. முடிவில், இலக்கங்களை எடுக்கும் மின்னணுக் கருவி நாள்தோறும் ஒரே தொடக்கத்திலிருந்து ஒரே வரிசையைத் தந்துகொண்டிருந்தது தெரியவந்தது. பணம் கொடுக்கப்பட்டது. தவறு நிறுவனத்தின் பொறியில். சந்தேகம் முதலில் விழுந்ததோ வென்ற மனிதர் மேல்.

3

இனி, எண்ணவே தெரியாத சாதாரண மனிதர் எப்படி அகப்படுகிறார் என்ற விடயத்துக்கு வருவோம். நான் ஊரில் புள்ளிவிபரவியல் கற்பித்தவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்குச் சுவையானது. வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திறமையாக எண்ணுபவருக்குக் கிடைக்கும் அனுகூலம் பந்தயப் பணத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் மட்டுமே. சாதாரண விளையாட்டாளருக்கு 1 அல்லது 2 சதவீதம் நட்டம். சுற்றுக்குப் 10 டொலர் வீதம் 100 சுற்று விளையாடினால் எண்ணுபவரின் எதிர்பார்க்கை 10 டொலர் இலாபம். மற்றவரின் எதிர்பார்க்கை 15 டொலர் அளவில் நட்டம். வித்தியாசம் 25 டொலர். ஆனால் அதே 100 சுற்றில் அதிர்ஷ்டத்தினால் மட்டும் ஏற்படும் ஏற்ற இறக்கத்தின் நியம விலகல் 110 டொலருக்கு மேல். இந்த அலையில் அந்த 25 டொலர் தெரியாது. ஓர் இரவில் எவர் வென்றார், எவர் தோற்றார் என்பதிலிருந்து எவர் எண்ணினார் என்பதை ஒருபோதும் அறிய முடியாது.

இது கசினோவுக்கும் தெரியும். ஆகவே அது நடத்தையைப் பார்க்கிறது. பந்தயத்தைத் திடீரெனக் கூட்டுகிறாரா? குடிக்காமல் இருக்கிறாரா? மற்றவர்களோடு பேசாமல் தாள்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாரா? இந்த அடையாளங்களில் ஒன்றேனும் எண்ணுபவருக்கு மாத்திரம் உரியதல்ல. இரண்டு கை வென்றால் 'இன்றைக்கு நமது நாள்' என்று பந்தயத்தை இரட்டிப்பாக்குவது சூதாடிகளின் மிகப் பழைய மூடநம்பிக்கை. அவரது பந்தயம் உண்மையிலேயே தாள்களின் நிலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பார்க்கக் கண்காணிப்பவரும் கூடவே எண்ண வேண்டும். நீண்ட நேரம் எண்ண வேண்டும். அதற்கு நேரமும் பயிற்சியும் தேவை. போகச் சொல்வதற்கோ ஒரு நிமிடம் போதும்.

என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். மாதத்தில் ஒருமுறை சம்பளத்திலிருந்து நூறோ இருநூறோ கொண்டு கசினோவுக்குப் போவார். குடிப்பதில்லை. இங்கிலீசு அதிகம் வராததால் மேசையில் எவரோடும் பேச்சில்லை. தனது தாள்களைத் தமிழில் வாய்க்குள் கூட்டிப் பார்ப்பது அவரது பழக்கம், உதடு அசையும். ஒருநாள் கோட் அணிந்த இருவர் வந்து, 'வேறு எந்த விளையாட்டையும் ஆடலாம், பிளாக்ஜாக் வேண்டாம்' என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் 180 டொலர் நட்டத்தில் இருந்தார். காசு போனதை அவர் வீட்டில் சொன்னார். கள்ளனைப் போலப் பார்க்கப்பட்டதை வீட்டில் சொல்லவில்லை. என்னிடம்தான், அதுவும் பல மாதம் கழித்துச் சொன்னார்.

இது விதிவிலக்கான சம்பவமா? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓரிரவில் 1000 பேர் விளையாடுகிறார்கள். அவர்களில் உண்மையாக எண்ணுபவர் 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். கண்காணிப்பவர் மிகக் கெட்டிக்காரர்; நூற்றுக்கு 95 தடவை சரியாகக் கணிப்பவர். அவர் அந்த ஐவரையும் பிடித்துவிடுவார். ஆனால் மிச்சமுள்ள 995 பேரில் நூற்றுக்கு ஐவரைத் தவறாகக் கணிப்பாரல்லவா? அது ஏறத்தாழ 50 பேர். ஆகச் சந்தேகிக்கப்பட்ட 55 பேரில் 50 பேர் ஒன்றுமறியாதவர்கள். கெட்டிக்காரருடைய கணக்கு இது. தேடப்படுபவர் எவ்வளவு அரிதோ, அகப்படுபவர்களில் அப்பாவிகள் அவ்வளவு அதிகம். இதற்குக் கண்காணிப்பவரின் கெட்ட எண்ணம் தேவையில்லை. எண் கணிதமே போதும். கெட்ட எண்ணமும் சேர்ந்தால் அந்த 50 பேர் எந்த முகத்தினராக இருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

4

நான் இப்போது வேலை செய்யும் தொழிற்சாலையில் கார் உதிரிப்பாகங்களைப் பரிசோதித்து அனுப்புகிறோம். பரிசோதனையில் இரண்டு விதமான தவறு நேரலாம்: பழுதான பாகத்தை நல்லதென்று அனுப்புவது ஒன்று, நல்ல பாகத்தைப் பழுதென்று ஒதுக்குவது மற்றது. இரண்டுக்கும் பெயர் உண்டு, இரண்டுக்கும் கணக்கு உண்டு. ஒதுக்கிய பெட்டியில் நல்ல பாகங்கள் அதிகம் கிடந்தால் சுப்பவைசர் வந்து கேட்பார். ஏனென்றால் அது முதலாளியின் நட்டம். பரிசோதிக்கும் கருவியே அப்போது பரிசோதிக்கப்படும்.

கசினோவில் இந்த இரண்டாவது தவறுக்குக் கணக்கே கிடையாது. எண்ணுபவரை விட்டுவிட்டால் நட்டம் கசினோவுக்கு. எண்ணாதவரை விரட்டினால், ஒரு சிறு வாடிக்கையாளரின் வரவு போவதைத் தவிர, நட்டம் முழுவதும் விரட்டப்பட்டவருக்கு. அவருடைய அவமானம் எந்தப் பேரேட்டிலும் பதியப்படுவதில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு தவறுக்கான விலையை அதைச் செய்பவர் கொடுக்க வேண்டியதில்லை என்றால், அந்தத் தவறு எல்லையின்றிப் பெருகும். நல்ல மனிதர்களை வேலைக்கு வைத்தாலும் பெருகும்.

விலை கொடுக்க நேர்ந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. கிறிஃபின் நிறுவனத்தின் தகவலால் மோசடிக்காரர்களாக நடத்தப்பட்ட இரு திறமையான விளையாட்டாளர்கள் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார்கள். 2005 இல் அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்பைத் தேடியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கேள்வியின்றி நடந்த தொழிலை, கேள்வி கேட்க வசதியும் துணிவும் கொண்ட இருவர் அசைத்துவிட்டார்கள். எனது நண்பரைப் போன்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. எண்ணத் தெரிந்தவனுக்கு வழக்கறிஞர் இருக்கிறார்; எண்ணத் தெரியாதவனுக்குப் பஸ் வீட்டுக்குத் திரும்புகிறது.

5

சூதாட்ட மேசையில் நேரும் ஒரு சிறுமையையும் நம் மண்ணில் நடந்தவற்றையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். அங்கே போனது உயிர்; இங்கே போவது ஒரு மாலைப் பொழுது. எனினும் பொறியின் அமைப்பு ஒன்றே.

சுற்றிவளைப்புக்களில் சாக்கு மூடிய தலையாட்டியின் முன்னால் வரிசையில் நடந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவன் தலையசைத்தால் ஒருவர் போனார். தலையசைப்புத் தவறென்றால் அதற்கு எவரும் விலை கொடுக்கவில்லை. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 370க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது, அவர்களுள் பயங்கரவாதிகளும் ஆட்கடத்தற்காரரும் இருக்கலாம் என்ற பேச்சுக் கப்பல் கரை தொடுமுன்பே கனடிய அரசிடமிருந்து எழுந்தது. குழந்தைகள் 49 பேர் அதில் இருந்தனர். சிலரைத் தேடுவதற்காக எல்லோரும் தடுத்துவைக்கப்பட்டனர். 1000 பேரில் ஐவர் என்ற கணக்கு இங்கே மனிதர்களின் மாதங்களையும் ஆண்டுகளையும் தின்றது.

இதுவரை சொன்னவற்றுக்கு இச்சஞ்சிகையின் வாசகர்கள் இலகுவாகத் தலையசைப்பார்கள். தலையசைக்கச் சிரமமான இன்னொன்றும் உண்டு. 'துரோகி' என்ற சொல்லை நமது இயக்கங்கள் பாவித்த முறையும் இதே பொறிதான். மின்கம்பத்தில் அட்டையோடு கட்டப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் காட்டிக்கொடுத்தவர்கள்? கேட்பதற்கு ஒரு வாசல் இருந்ததா? தவறாகக் கொல்லப்பட்டவருக்கு எவர் விலை கொடுத்தார்? தலையாட்டியைப் பற்றிப் பேசுகையில் நம் குரல் உயர்கிறது. மின்கம்பத்தைப் பற்றிப் பேசுகையில் 'அந்தக் காலச் சூழல்' என்று இறங்கிவிடுகிறது. புலம்பெயர்ந்த பின்னரும் இந்தப் பழக்கம் போய்விடவில்லை. ஒரு கூட்டத்துக்கு வந்தவரை 'எவருடைய ஆள்?' என்று விசாரிப்பதும், ஒரு கட்டுரையை வாசிக்குமுன் எழுதியவரின் பின்புலத்தைத் துருவுவதும், காரணம் சொல்லாமல் ஒருவரை ஒதுக்கிவைப்பதும் ரொறன்ரோவின் தமிழ்ச் சபைகளில் இன்றும் காணக்கூடியவை. குடிக்காமல், பேசாமல், தாளையே பார்ப்பவன் எண்ணுபவனாகத்தான் இருக்க வேண்டும் என்ற தர்க்கத்தை விட இது எந்த வகையில் மேலானது?

பாரதக் கதையில் காயை உருட்டி ஏமாற்றியவன் சபையை நடத்தியவர்களின் ஆள். தோற்றவன் மேல் அங்கே எவருக்கும் சந்தேகம் எழவில்லை. நவீன சூதாட்ட சபை அதை ஒரு படி தாண்டிவிட்டது: நடத்துபவரின் கணக்கு சட்டம், ஆடுபவரின் கணக்கு சந்தேகம். ஒன்ராறியோவில் அந்தச் சபையை நடத்துவது நாம் வரி கட்டும் அரசு. 1982 இல் நியூ ஜேர்சி நீதிமன்றம் காட்டிய வழி இங்கும் சாத்தியமானதே: எண்ணுவது பிடிக்கவில்லையென்றால் தாளைக் கலைக்கட்டும், ஆளை விரட்டுவதென்றால் காரணத்தை எழுத்தில் தரட்டும், முறையிட இடம் தரட்டும். சூதாட்டத்தை வெறுப்பவரும் இதைக் கேட்கலாம். சூதாடியின் மானமும் மானமே.

நமது சபைகளுக்கும் இதையே சொல்கிறேன். எவரையாவது சந்தேகத்தின் பேரில் விலக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். சந்தேகம் தவறென்றால் விலை கொடுப்பவர் எவர்? விலக்கப்பட்டவர் வந்து கேட்க வாசல் உண்டா? இதுவரை எத்தனை பேரைத் தவறாக விலக்கினோம் என்ற கணக்கு எவரிடமாவது இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை என்பதை நான் அறிவேன். முப்பதாண்டு, நாற்பதாண்டு நினைவுகளோடு இருப்பவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் வாழும்போதே அந்தக் கணக்கை எழுதத் தொடங்க வேண்டும் என்பதே எனது முன்மொழிவு. மாற்றுக் கருத்துடையோர் அடுத்த இதழிலேயே எழுதட்டும்; பெயர் போட்டு எழுதட்டும்.